கந்தையா கிராணியின் ஐம்பத்துமூன்று மணி

கோயில்பிள்ளை வேலை என்றால் மணியடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கதவைப் பூட்டிவிட்டுப் போவதுதானே என்று நினைக்கிறவர்கள், மாதா திருநாள் சமயத்தில் பினாங்குக்கு வந்து என் சாவிக்கொத்தை வாங்கிப் பார்க்கட்டும். பூசைக்கு வருகிறவர்களைச் சமாளித்துவிடலாம். வரம் கேட்க வருகிறவர்களிடம்தான் உயிர் போகும். கோயிலில் ஊழியம் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது புரியும்.

மணிக்கணக்கு

கந்தையா கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், சுத்த சைவர். அரசாங்கக் கந்தோரில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆபீஸை அவர் கந்தோர் என்றுதான் சொல்வார். இரண்டு பிள்ளைகளைப் பிறந்த கையோடு பறிகொடுத்தவர். மனைவி மூன்றாவது முறை மாசமாக இருந்தபோது, பக்கத்து வீட்டுக் கத்தோலிக்க அம்மாள், "மாதாவுக்கு ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்லுங்க, பிள்ளை தங்கும்" என்றிருக்கிறாள். அது செபமாலையில் உள்ள மணி என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

ஒரு காலை பாய், தலையணை, கூஜாவோடு கோயில் வாசலில் வந்து நின்றார். சத்திரம் அடுத்த தெருவில் என்றேன். அவர் கோபிக்கவில்லை. "ரெண்டு நாள் லீவு எடுத்திட்டன், நாப்பத்தெட்டு மணித்தியாலம் சரி. மிச்ச அஞ்சையும் கந்தோர்க் கதிரையில இருந்து சொன்னால் மாதா ஏத்துக்கொள்ளுவாவோ?"

நீலச் சேலை

செபமாலையைக் கையில் கொடுத்து விளக்கினேன். அரைமணியில் முடிந்ததும் அவருக்கு ஒரே ஏமாற்றம். இவ்வளவு சுலபத்தில் வரம் கிடைக்காது என்று, மாதா சொரூபத்துக்குச் சேலை சாத்துவதாகவும் நேர்ந்துகொண்டார். தேர்ந்தெடுக்க என்னையும் சூலியா தெருவுக்கு இழுத்துப் போனார்.

கடைக்காரர் ராவுத்தர். கிராணி, "அம்மாவுக்கு ஒரு நீலச் சேலை" என்றதும், அவருடைய தாயாருக்கு என்று நினைத்து ஒன்றை எடுத்து விரித்தார். துவைக்கத் துவைக்கப் பளபளக்கும் என்று சத்தியம் செய்யாத குறை. கிராணிக்கும் பிடித்துவிட்டது. எங்கள் கோயில் மாதாவுக்கு என்று நான் சொன்னதுதான் தாமதம், ராவுத்தர் சேலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "மரியம் அம்மாவுக்கா? முன்னாடியே சொல்லக் கூடாதா அண்ணே? இது வேணாம், சாயம் போகும்."

பார்க்க வந்தவர்கள்

திருநாளன்று மாதா அசல் பட்டில் தேரேறினாள். கிராணி செருப்பில்லாமல் பின்னால் நடந்தார். அந்த முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. இந்தப் பிள்ளையும் போய்விட்டால் இந்த மனிதருக்கு நான் என்ன பதில் சொல்வது?

மறுவாரம் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது. முப்பத்தொரு நாள் கழித்துக் குடும்பமாக வந்தார்கள். கிராணியின் மனைவி பிள்ளையை மாதா காலடியில் கிடத்திவிட்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்? இதைப் பார்த்த எங்கள் பிரெஞ்சுச் சாமியார், ஞானஸ்நானத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, தீர்த்தச் செம்போடு ஓடி வந்தார். கிராணி சட்டென்று பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "சுவாமி, நாங்கள் சும்மா மாதாவைப் பாக்கத்தான் வந்தனாங்கள். தண்ணி மட்டும் ஊத்தாதேங்கோ, பிள்ளைக்குத் தடிமன்."

மாதாவிடம் வருகிறவர்களை எந்த மதம் என்று கேட்டுத்தான் உள்ளே விடுவதென்றால், வாரநாட்களில் எங்கள் கோயிலில் நானும் சாமியாரின் பூனையும்தான் இருந்திருப்போம்.