பெட்ரோல் தின்ற இறக்கை

என் வீட்டுக்காரரும் அவருடைய விமானமும் ஒரே நேரத்தில் விழுந்தார்கள். ஈப்போவுக்கு வெளியே, ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகிப்போன இடம். ரிமோட்டால் பொம்மை விமானம் ஓட்டியபடி நின்றவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. தண்ணீரில் இறங்கி ஏறும் அந்த இரட்டை மோட்டார் விமானத்தை மீன் பிடிக்கிற யாரோ எடுத்துவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அவர் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். பேச்சு குழறினாலும் வரும் என்றார் டாக்டர். இவர்தான் வாயைத் திறக்கவில்லை. கஞ்சி ஊட்டினால் விழுங்குவார். ஊட்டாவிட்டால் கேட்க மாட்டார், தண்ணீர்கூடக் கேட்டதில்லை. பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒருநாள், "அவருக்கே வேணும்னு இருக்கணும் அக்கா, இல்லன்னா ஒன்னும் செய்ய முடியாது லா," என்றாள். இந்த மனுஷன் போய்ச் சேர முடிவு செய்துவிட்டார். கோபமும் வந்தது. என்னைக் கேட்காமல் முடிவு செய்ய இவர் யார்?

அதனால்தான் விமானத்தை எடுத்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை. இது சோறு போடுமா என்று நான் திட்டாத நாளில்லை. இப்போது அதையே அவர் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வைத்து வயிற்றைத் திறந்தேன். சேற்றுத் தண்ணீர் கொட்டியது. ஒரு மோட்டார் சுற்றியது, மற்றது துருப்பிடித்து இறுகிக் கிடந்தது.

நான் ஆயர் தாவார் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சைக்கிள் சங்கிலியோ திருகாணியோ, துருப்பிடித்தால் எங்களுக்கு ஒரே வைத்தியம் பெட்ரோல். மோட்டாரைக் கழற்றாமலே ஊற்றினேன். இறக்கையோ சந்தையில் மீன் பெட்டி செய்கிற அதே வெள்ளை நுரை. என் கண்ணெதிரே வெல்லம் மாதிரி கரைந்தது. மோட்டார் தொப்பென்று மேசையில் விழுந்தது. திரும்பினேன். அவர் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி அழுதேன்.

உடைந்த நாற்காலிச் சட்டத்தை அறுத்து ஓட்டையில் பொருத்தினேன். எடை சமமாக இருக்க மற்ற இறக்கையிலும் ஒரு துண்டு. பிறகு விமானத்தைத் தூக்கிக்கொண்டு, அவர் விமானச் சாமான் வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைத் தராசில் வைத்துப் பார்த்துச் சிரித்தார்.

"அக்கா, கப்பலே கட்டிட்டீங்க போலிருக்கு."

"நல்லா இருக்கிற மோட்டார விட்டுட்டு, கெட்டத மட்டும் மாத்தலாமா அண்ணே?"

"ஒரு பக்கம் பழசு, ஒரு பக்கம் புதுசுன்னா வட்டம் அடிச்சிக்கிட்டே கிடக்கும் லா. ரெண்டும் மாத்துங்க. நனைஞ்ச வயரு, பேட்டரி எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க."

இரண்டு வகை மோட்டார்களை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது. மற்றது பெரிய விசிறியைச் சுற்றி முரட்டுத்தனமாக இழுப்பது.

"தண்ணி லேசுல விடாது அக்கா. இந்தக் கனத்துக்கு மேல ஏறணும்னா பெருசுதான். சும்மா தண்ணியில ஓட்டி விளையாட சின்னதே போதும். யாரு ஓட்டப் போறது?"

சின்னதை வாங்கினால் அவர் இனி எழுந்திருக்கவே மாட்டார் என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். பெரிய மோட்டார்களையே வாங்கி, புது வயர், பேட்டரியோடு அங்கேயே பொருத்திக்கொண்டேன். வீம்புதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தம்பி என் வீட்டுக்காரரைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தான். குளக்கரையில் சக்கர நாற்காலியை நிறுத்தி, விமானத்தைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, ரிமோட்டை அவர் மடியில் வைத்தேன். மோட்டாரின் வேகத்துக்கும் திரும்புவதற்கும் இடது குச்சி. ஏறி இறங்க, சாய்ந்து திரும்ப வலது குச்சி. இதைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் வீட்டுக்காரர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இடது கை நல்லாத்தானே இருக்கு? அதுக்கும் என்ன கேடு?" என்று கத்தினேன்.

இடது கட்டைவிரல் அசைந்தது. விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடியது. ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு அவர் குச்சியை முழுக்கத் தள்ளினார். புது மோட்டார்கள் இரைந்தன. விமானம் தண்ணீரை விட்டு எழும்பிவிட்டது. அவர் தன் வலது கையைப் பார்த்தார். அது மடியில் அப்படியே கிடந்தது.

"புடி," என்றார்.

மண்டியிட்டு வலது குச்சியைப் பிடித்து இழுத்தேன். எனக்கு என்ன தெரியும்? விமானம் செங்குத்தாக நிமிர்ந்தது, ஒரு பக்கம் சாய்ந்தது, நடுக்குளத்தில் தலைகீழாகக் குத்தியது.

எல்லாம் முடிந்தது என்று மணலில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சமிருந்ததையும் நானே கெடுத்தேன். அவர் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"எடு... எடு..."

"என்னங்க?"

வாயோரம் எச்சில் வழிய, இடது கையால் நாற்காலியை ஓங்கி அடித்தார். "எடுத்துட்டு வாடி!"

வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் ஒரு பொருளை வேண்டுமென்று கேட்டது அது ஒன்றைத்தான். அந்தக் குளத்தின் ஆழம் யாருக்கும் தெரியாது, எனக்கு நீச்சலும் தெரியாது. சம்பான் படகு வைத்திருக்கிற ஆளைத் தேடித் தம்பியை ஓடச் சொல்லிவிட்டு, நான் செருப்பைக் கழற்றிப்போட்டு முழங்கால் வரை தண்ணீரில் இறங்கி நின்றேன்.