பதினெட்டாம் மைல் ஓடையில் மூன்று கிலோவாட்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் என் அறைக்குக் கீழே மச்சானின் கார் ஹார்ன் அடித்தது. கிள்ளானிலிருந்து வந்திருந்தார். மச்சான் என் கலா அக்காவின் கணவர். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்ப்பவர். திங்கட்கிழமை அந்த வேலையை விட்டுவிட்டு, உலு லங்காட்டில் ஓடையோரமாக நிலம் வாங்கி மீன் வளர்க்கப் போகிறாராம். ஓடையே இலவசமாக மின்சாரம் தருமாம்.

முதல் நாளே அக்கா போன் போட்டிருந்தாள். “நீ கூடப் போய் நல்லா நோண்டிப் பாருடா. இவரு ஏமாந்தா நானும் பிள்ளைங்களும் காட்டுலதான் உட்காரணும்.”

நோண்டுவதற்குப் பள்ளிக்கூடத்தில் படிவம் மூன்று வரை நான் படித்ததே போதும். கிளம்பினேன்.

எட்டு மணிக்குப் பதினான்காம் மைல் கடையில் ஆளுக்கொரு ரொட்டி சானாய், ஒரு தே தாரிக் டீ. பில் மொத்தம் ஒன்பது வெள்ளி. நவம்பர் மழை விட்டுவிட்டுப் பெய்தது. பதினெட்டாம் மைல் தாண்டியதும் மண் பாதை. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர் வந்திருந்தோம்.

நிலத்துக்காரர் கோபால் அங்கிள் குடையோடு நின்றார். சிரிப்பு கொஞ்சம் அதிகம். கொட்டகையில் பெட்ரோல் வாடை அடித்தது.

“இலவச கரண்ட்டுக்கு எதுக்கு அங்கிள் பெட்ரோல்?”

“புல்லு வெட்டுற மெஷினுக்குலா தம்பி.”

ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று. புல் வெட்டும் மெஷினுக்கு அது ரொம்ப அகலம்.

ஓடையைக் காட்டினார். மேலே சின்னத் தடுப்பு. அங்கிருந்து ஆறு அங்குலக் குழாய் முப்பது மீட்டர் உயரத்திலிருந்து இறங்கி வருகிறது. நொடிக்கு ஒரு பெரிய வாளி தண்ணீர் ஒரு சக்கரத்தின் கிண்ணங்களில் பாய்ந்து அடிக்கிறது. சக்கரம் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. மூன்று கிலோவாட். சக்கரத்தின் மூடியில் சந்தனம், குங்குமம். ஆயுத பூஜைக்கு வைத்தது, மழையில் பாதி வழிந்திருந்தது.

“சாமிதான் சுத்துது போல,” என்றேன். மச்சான் முறைத்தார்.

அவர்கள் மீன் தொட்டிப் பக்கம் போனதும் நான் வேலையை ஆரம்பித்தேன். கொட்டகையை ஒட்டிய வீட்டில் மூன்று விளக்குதான் எரிந்தது. ஆனால் பின்னால் ஒரு டிரம். மூடியைத் தூக்கினால் ஆவி. யாரும் குளிக்காத வீட்டில் யாருக்கு இத்தனை வெந்நீர்? டிரம்மிலிருந்து தடித்த கறுப்பு வயர் ஒன்று சுவருக்குப் போனது. திருட்டு லைன்! வேறெங்கிருந்தோ கரண்ட் இழுத்து ஓடை மேல் பழி போடுகிறார். வயர் போய்ச் சேர்ந்த சுவிட்சை இழுத்து அணைத்தேன்.

சக்கரம் வீறிட்டது. மூன்று விளக்கும் கண் கூசும்படி வெளுத்து, பட் பட்டென்று வெடித்தன.

“டேய்! எதைத் தொட்டே?” அங்கிள் ஓடிவந்து, தண்ணீர் சக்கரத்தில் படாமல் ஒரு தகரத்தால் திருப்பிவிட்டார். சத்தம் அடங்கியது.

“தண்ணி எப்பவும் ஒரே அளவுலதான் அடிக்கும் தம்பி. வீட்டுல செலவாகாத பவர் எல்லாம் அந்த டிரம்முக்குப் போய்த் தண்ணிய சூடாக்கும். அந்த வழிய நீ அடைச்சிட்டே. தாங்குமா?”

“அப்ப பெரிய அணையிலயும் வெந்நீர் போடுவாங்களா?”

“அங்க கரண்ட் தேவை குறைஞ்சா தண்ணி வர்ற கதவு தானா கொஞ்சம் மூடிக்கும்லா. மிச்சத் தண்ணி அணையிலயே கிடக்கும்.”

மச்சான் என் தலையில் ஒரு தட்டு தட்டினார். திருட்டு லைன் இல்லை என்பதை நானே நிரூபித்துவிட்டேன்.

சக்கரம் நின்றதால் தொட்டியின் காற்று பம்பும் நின்றது. கொஞ்ச நேரத்தில் திலாப்பியா மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. எது கெட்டது என்று பார்க்காமல் சக்கரத்தை மறுபடி ஓட்ட முடியாது. அங்கிள் பதறி, மூலையிலிருந்த தார்ப்பாயை உருவினார். உள்ளே பெட்ரோல் ஜெனரேட்டர். கயிற்றை ஒரே இழுப்பு. புகைகூட விடாமல் ஓடியது. பம்ப் குமிழி விட்டது.

மச்சான் முகம் மாறியது. ஜெனரேட்டரின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

“சும்மா கிடந்த மெஷின் ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகாது அங்கிள். இது அடிக்கடி ஓடியிருக்கு. வெயில் காலத்துல குழாயில தண்ணி எவ்வளவு வரும்?”

“கொஞ்சம்... குறையும்லா.”

“சக்கரம் சுத்துமா?”

அங்கிள் ஓடையைப் பார்த்தார். ஓடை தன் பாட்டுக்குப் பெருகி ஓடியது.

“அணைக்கு மாசக்கணக்குல சேத்து வைக்க இடம் இருக்கு,” என்றார் மச்சான், என்னிடம் சொல்வது போல. “இந்தத் தடுப்புல ஒரு நாள் தண்ணிகூட நிக்காது. பிப்ரவரி வெயில்ல வரேன் அங்கிள். அப்ப சுத்தினா பேசுவோம்.”

கடைக்குப் போய் விளக்கு வாங்கி மாட்டிக் கொடுத்துவிட்டுக் கிளம்பச் சாயங்காலமாகிவிட்டது. காஜாங் தாண்டும்போது அக்கா போன் செய்தாள்.

“என்னடா, நிஜமா பொய்யா?”

“மெஷின் நிஜம்க்கா. மழையும் நிஜம். பிப்ரவரி மேலதான் எனக்கு டவுட்டு.”

“அப்ப திங்கட்கிழமை?”

போனை மச்சான் காதில் வைத்தேன். “சோறு கட்டி வை, வேலைக்குப் போறேன்,” என்றார்.

பிரிக்ஃபீல்ட்ஸில் என்னை இறக்கிவிட்டபோது இருட்டத் தொடங்கியிருந்தது. மழை சுத்தமாக நின்றிருந்தது. அறைக்குள் போய் சுவிட்சைத் தட்டினேன். எரிந்தது. இந்தக் கரண்ட் எந்த அணையிலிருந்து, எந்த அனல் மின் நிலையத்திலிருந்து வருகிறது என்று இத்தனை நாள் ஒரு முறையாவது நான் கேட்டதுண்டா? ஜன்னலைத் திறந்து, எங்கேயாவது ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறதா என்று கொஞ்ச நேரம் காது கொடுத்துப் பார்த்தேன்.