வெள்ளிக்கிழமை இடிக்கும் சுவர்

மார்ச் மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை. விடிந்தது முதல் வானம் மூடிக்கிடந்தது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

மேல்நிலைப் பள்ளியின் தொழிற்பயிற்சிப் பிரிவில் கட்டுமானம் கற்பிக்கும் அம்மையாரை எல்லோரும் கொத்தனாரம்மா என்றே அழைத்தார்கள். பல ஆண்டுகளாக அவருக்கு அதே கொட்டகை, அதே செங்கல். அங்கே எழும்பிய சுவர் எதுவும் ஒரு வாரத்துக்குமேல் நின்றதில்லை. திங்கட்கிழமை நூல் பிடித்து அடிவரிசை வைப்பார்கள். வெள்ளிக்கிழமை மாலை இடித்துவிடுவார்கள். அதே செங்கல் அடுத்த வாரமும் வேண்டுமே! ஆகையால் பயிற்சிக் கலவையில் சிமெண்டு கிடையாது. மணலும் கொஞ்சம் சுண்ணாம்பும்தான். ஓங்கித் தட்டினால் கல் கழன்று கையோடு வந்துவிடும்.

தொடக்கத்தில், நல்ல சுவர் ஒன்று விழும்போதெல்லாம் அவருக்கு வயிற்றைப் பிசைந்தது. பிறகு பிசையவில்லை. அதன்பின் வேறு எதற்குமே பிசையவில்லை. கணவர் இறந்த அன்று, துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதுகூட அவர்தான். உடன் வசிக்கும் தங்கைக்கு வாய் ஓயாது.

"அக்கா, உன் தலையில கொதிக்கிற தண்ணியக் கொட்டினாக்கூட துண்டு எங்கேன்னுதான் கேப்பே."

"துண்டு வேணும்ல?" என்பார் கொத்தனாரம்மா.

இந்த ஆண்டு பிரிவின் தலைமேல் கத்தி தொங்கியது. சேருவோர் குறைந்துபோனதால், கொட்டகையைக் கணினி அறையாக்கிவிடலாம் என்று மேலிடம் எண்ணியது. தலைமையாசிரியர் அங்கும் இங்கும் அலைந்து ஒரு வழி கண்டார். சைக்கிள் நிறுத்துமிடத்தைச் சுற்றி மாணவர்களே மார்பளவு உயரத்தில் ஒரு சுவர் எழுப்புவது. கல்வித்துறை அதிகாரி வந்து பார்த்து மெச்சினால் பிரிவு பிழைக்கும். இல்லையென்றால் பிள்ளைகள் பாதியில் நிற்பார்கள். கொத்தனாரம்மாவும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

சுவர் எழும்பியது. கோணல் மாணல் எதுவும் இல்லை. கண்ட இடத்திலெல்லாம் மட்டம் பார்த்து, அந்தக் கருவியின் பேரிலேயே ரசமட்டம் என்று பட்டம் வாங்கியிருந்த மாணவி அதற்குப் பொறுப்பு. சோற்றுத் தட்டைக்கூட மட்டம் பார்த்துத்தான் கீழே வைப்பாள் என்று மற்றவர்கள் அவளைக் கேலி செய்வார்கள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அதிகாரி வருமுன் கொட்டகையைப் பெருக்கிவிடலாம் என்று கொத்தனாரம்மா கதவை முழுவதும் திறந்தார். கதவுக்குப் பின்னால், இந்தச் சுவருக்கென்றே வாங்கிய சிமெண்டு மூட்டைகள், தைத்த வாய் பிரியாமல், அடுக்கியது அடுக்கியபடியே இருந்தன.

துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு வெளியே போனார். புதுச் சுவரின் இணைப்பில் நகத்தை அழுத்தினார். மணல் பொலபொலவென்று உதிர்ந்தது.

"ரசமட்டம், கலவையில என்ன போட்டீங்க?"

"நீங்க தினமும் சொல்றதுதாம்மா. மூணு சட்டி மணல், ஒரு சட்டி சுண்ணாம்பு." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. "ஐயையோ! இது இடிக்கிற சுவரு இல்லியே!"

"இல்ல."

"எனக்கு வயித்தக் கலக்குதும்மா. உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

கொத்தனாரம்மா யோசித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. சுவர் கட்டிய நாட்களிலும் வாய் வழக்கம்போல் சொல்லியிருக்கிறது. பிள்ளைகளின் கைகள் வழக்கம்போல் குழைத்திருக்கின்றன. அவ்வளவுதான்.

நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எழுந்தபடியே நின்றுவிட்டார்.

"என்னம்மா, அதிகாரி வர்ற நேரத்துல இப்படிச் சொல்றீங்க! கார் கிளம்பிடுச்சுன்னு இப்பத்தான் போன் வந்தது."

"சொல்லணும்னு தோணுச்சு சார்."

"இன்னிக்கு ஒரு நாள் வாயத் தொறக்காதீங்க. பாத்துட்டுப் போகட்டும். நாளைக்கே தள்ளிட்டு ஒழுங்காக் கட்டுவோம். இடிக்கிறது உங்களுக்குப் புதுசா?"

"புதுசு இல்ல சார்."

"நீங்களே உங்க பொழப்புல மண்ணள்ளிப் போட்டுக்காதீங்கம்மா. அந்தப் பிள்ளைங்களையும் நினைச்சுப் பாருங்க."

தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். அவர் சொன்னதில் கணக்கு சரியாகவே இருந்தது. கொத்தனாரம்மா சரியென்று தலையசைத்தார்.

அதிகாரி சிரித்த முகத்தோடு வந்தார். சுவரின் நீளம் முழுவதும் நடந்தார். ஓரிடத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடி வரிசை பார்த்தார்.

"பிரமாதம்! என் வீட்டக் கட்டின ஆளு இதுல பாதி நேரா கட்டியிருந்தா நான் ராத்திரி நிம்மதியாத் தூங்கியிருப்பேன்."

தலைமையாசிரியர் தேவைக்கு மேலேயே சிரித்தார். பிரிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்று அதிகாரி அவர் தோளைத் தட்டினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்துக் கையை வீசினார்.

"எல்லாரும் சுவத்து மேல ஏறி வரிசையா உக்காருங்க. ஒரு படம் எடுத்துக்கலாம். அதக் காட்டினாலே மேலிடம் வாய மூடிக்கும்."

பிள்ளைகள் ஓவென்று ஓடினார்கள். ரசமட்டம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்று கொத்தனாரம்மாவைப் பார்த்தாள். தலைமையாசிரியர் இருமினார், மறுபடியும் இருமினார். முதலில் ஓடியவன் விளிம்பைப் பற்றி எம்பப் போனான். அவனுடைய சட்டைக் காலரைத் தம்முடைய கை பிடித்திருப்பதைக் கொத்தனாரம்மா அப்போதுதான் கண்டார்.

அதிகாரி திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, பசங்க பாரம் தாங்காதா?"

"தாங்காதுங்க" என்றார் கொத்தனாரம்மா.