பாட்டு இல்லாத இடம்

அக்காவின் கல்யாண வீடியோ கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொல்லி அவள் மகள் என் உயிரை எடுத்தாள். கொழும்பில் வேலை பார்க்கிறவள், விடுமுறைக்குக் கொட்டகலை வந்திருந்தாள். அக்காவை அவள் புருஷன் விறகுக் கட்டையால் அடித்துக் கொன்றபோது இவள் கைக்குழந்தை. அம்மாவின் முகத்தைப் போட்டோவில் பார்த்திருக்கிறாள். குரலைக் கேட்டதே இல்லை.

"ஒரு வார்த்த போதும் சித்தி," என்றாள்.

கேசட் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. எங்கள் மலைப்பனியில் காலில் போட்டிருக்கிற செருப்பே பூஞ்சணம் பிடிக்கும். நாடாவைத் துடைத்துக் கொடுத்த ஹட்டன் கடைக்காரர், இனி ஒரு தடவைதான் தாங்கும் என்றார். கேசட் ஓட்டும் பழைய டெக் ஒன்றையும் இரவல் தந்தார்.

சோதனைக்கு வேறொரு கேசட்டைப் போட்டு, யூ.எஸ்.பி. கருவியை லேப்டொப்பில் செருகி, மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர்களை டெக்கில் மாட்டினேன். சத்தம் வந்தது, படம் வரவில்லை. மஞ்சள் வயரில் வரும் படத்தை மென்பொருள் வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தது. அந்த அமைப்பைக் கண்டுபிடித்து மாற்றுவதற்குள், சனியனைச் சுவரில் அடித்து நொறுக்கலாம் போலிருந்தது. படம் தெளிந்ததும் அக்காவின் கேசட்டைப் போட்டுப் பதிவை அழுத்தினேன்.

அப்பா பின்னால் நாற்காலியில் இருந்தார். தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருந்தவர், வாய்க்கு முன்னால் கை நீளும் ஆள். அக்கா ஆசைப்பட்டுத்தான் அந்த மாப்பிள்ளையைக் கட்டினாள் என்று பேத்தியிடம் சொல்லிச் சொல்லியே வளர்த்தவர்.

அந்தக் காலக் கல்யாண வீடியோ முழுக்கச் சினிமாப் பாட்டுதான். நலங்கில் அக்காவின் உதடு அசைந்தது, யாரோ ஒரு பாடகியின் குரல் வந்தது. அக்கா மகள் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

நலங்கு முடிந்து பொண்ணுக்குச் சேலை கட்டும் அறை வரும். முன்பு வீட்டில் டெக் இருந்த காலத்தில் எத்தனை முறை கேசட் போட்டாலும் அந்த இடத்தில் அப்பா ரிமோட்டை எடுத்து வேகமாக ஓட்டிவிடுவார். அங்கே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியும். யாரும் வாயைத் திறக்க மாட்டோம்.

அன்றும் எழுந்து வந்து டெக்கில் கையை வைத்தார். நான் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"நாடா அறுந்துரும்ப்பா. கைய எடுங்க."

"அந்த எடம் வேணாம்."

இன்னொரு கையை நீட்டினார். பிடித்துத் தள்ளினேன். நாற்காலியோடு விழுந்தார். வயதானவரைத் தள்ளிவிட்டோமே என்று எனக்கு வருத்தம் கிடையாது.

திரையில் அப்பாவின் கை அக்காவின் கொண்டையைப் பற்றியிருந்தது. தலையை அலுமாரியில் மோதினார். கன்னத்தில் அறைந்தார், மறுபடியும் அறைந்தார். கட்டாத கூறைச்சேலையைக் கையில் வைத்துக்கொண்டு பெண்கள் சும்மா நின்றார்கள். கெமராக்காரனும் நிறுத்தவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளி அது.

"அடிக்காதீங்கப்பா. அவரையே கட்டிக்கிறேன்."

உடனே அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது. இத்தனை வருடம் நாங்கள் ஓட்டிவிட்ட இடத்தில்தான் அக்காவின் குரல் இருந்திருக்கிறது.

மகள் அழவில்லை. கேசட் முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டு, லேப்டொப்பில் பதிவான படத்தை அந்த அறை வரும் இடத்துக்கு நகர்த்திப் போட்டாள். அடி விழுந்தது, குரல் வந்தது. மறுபடியும் போட்டாள். சத்தத்தைக் கூட்டினாள்.

"நிறுத்தச் சொல்லு," என்று அப்பா என்னிடம் சொன்னார். தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "எங்கம்மா கொரலு இது ஒண்ணுதான் தாத்தா இருக்கு," என்று மறுபடியும் போட்டாள்.