இடது காலும் கிளச்சும்

சென்ற ஆண்டு என் கணவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கிளச் போனது. இரண்டே பேர் உட்காரக்கூடிய ஜப்பான் கார் அது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் அவர் டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில் வாங்கியது. பெடலை மிதித்தால் அப்படியே தரையோடு படுத்துவிடும். எண்ணெயைத் தள்ளும் சிலிண்டருக்குள் இருந்த ரப்பர் தேய்ந்திருந்தது. அந்த ரப்பரை இப்போது யாரும் செய்வதில்லை. ஞாயிறுதோறும் அவர் செபராங் ஜெயா பக்கம் பழைய சாமான் கடைகளை ஏறி இறங்கினார். கடைசியில் ஒரு லேத் பட்டறைக்காரர் வழி சொன்னார். சிலிண்டரின் உட்பக்கத்தைக் கடைந்து ஒரு பித்தளைக் குழாயை இறுக்கிவிட்டால், வேன்களுக்கு வரும் ரப்பரையே போட்டுக்கொள்ளலாமாம். சிலிண்டரை அவரிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

அந்த அலைச்சலில் இடது காலில் செருப்பு கடித்த புண் ஆறவில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலியே தெரியவில்லை. கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டில் அவர் பக்கத்தில் இருந்தபோது பட்டறையிலிருந்து போன் வந்தது, சிலிண்டர் தயார் என்று. பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அவருக்குக் கேட்டுவிட்டது.

"போயி எடுத்துட்டு வந்துரும்மா. ஓடாத காடியா அத விக்க மனசு வரல."

காரை விற்பது என்ற பேச்சை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

எங்கள் பாயான் பாரு வீட்டு வாசலுக்கே மெக்கானிக் வந்து சிலிண்டரை மாட்டினார். எண்ணெய்க் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்ற, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும். நான் ஏறி உட்கார்ந்தேன். சக்கர நாற்காலியில் இருந்தவர் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்ததும் தன்னை இடப்பக்க இருக்கையில் ஏற்றிவிடச் சொன்னார். லைசென்ஸ் எடுத்த நாளோடு கிளச்சை மறந்தவள் நான். தினமும் ஓட்டுவது ஆட்டோ கியர்.

"நீ மிதிச்சா போதும்லா. கியர நான் மாத்துறேன்," என்றார்.

இரண்டு முறை அணைந்து, பிறகு நகர்ந்தது. மிதி என்பார், மிதிப்பேன், அவர் கை கியரைத் தள்ளும். பெரிய சாலையில் மூன்றாவது கியர் விழுந்தபோது அவர் முகம் தெளிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அடுத்த சிக்னலில் அவர் மிதி என்று சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். கைலிக்குள் இடது தொடை இறுகிக்கிடந்தது.

"நீ மிதிக்கிறப்பெல்லாம் எனக்கும் அழுந்துதும்மா, அடிப்பாதத்துல," என்றார். "போதும். வீட்டுக்குப் போயிருவோம்."

பிறகு காரை விற்றுவிட்டார். வாங்கியவர், நான் வேலையில் இருந்த நாளில் வந்து எடுத்துப் போனார். என் கணவர்தான் அப்படி ஏற்பாடு செய்திருந்தார். சாயங்காலம் நான் வந்தபோது, கார் நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைமேல் சோப்புத்தூளைக் கொட்டி, நாற்காலியில் இருந்தபடியே நீளமான பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் செய்கிறேன் விடுங்கள் என்றேன். அவர் நிறுத்தவில்லை. யூனிபார்மைக்கூட மாற்றாமல், குழாயைத் திறந்து நுரையின்மேல் தண்ணீர் விட்டேன்.