நேராகப் போகாத ஜீப்பு

வாரத்தில் மூன்று நாள் என் மனைவிக்கு மெஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். செவ்வாய், வியாழன், சனி. கிட்னி இரண்டும் போய்விட்டது. ஒரு தடவை தவறினால் முகம் உப்பும். இரண்டு தடவை தவறினால் மூச்சு வாங்கும். அதற்கு மேல் என்ன ஆகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து திருவள்ளூர் போக வேண்டும். முதலில் பஸ்ஸில்தான் போனோம். போகும்போது சரி. திரும்பும்போது அவளால் கம்பியைப் பிடித்து நிற்க முடியாது. ஒருமுறை பெரியபாளையத்தில் இறங்கி, பஸ் ஸ்டாண்டு பெஞ்சியிலேயே ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தாள். அதற்குப் பிறகு ஜீப்புதான்.

ஜீப்பு என் மகனுடையது. அவன் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறான். போவதற்கு முன்னால் ஆசையாகப் பழைய ஜீப்பு ஒன்றை வாங்கி, ஸ்பிரிங் பட்டையை வண்டிச் சட்டத்தோடு சேர்க்கிற ஷாக்கிளைக் கழற்றி எறிந்துவிட்டு நீளமாக வேறு போட்டான். டிராக்டர் மாதிரி டயரும் போட்டு வண்டியை உயரமாக்கினான். மலையேறப் போகிறானாம். எங்கள் பக்கம் ஏறுவதற்கு இருப்பது மேம்பாலம் ஒன்றுதான். அவள் ஏறுவதற்காகப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வைத்திருந்தேன். ஏறி உட்கார்ந்ததும் அதைத் தூக்கி அவள் மடியில் கொடுத்துவிடுவேன்.

ஊருக்குள் வண்டி ஒழுங்காகத்தான் போனது. ஹைவேயில் ஐம்பதைத் தாண்டினால் தானாக ஒரு பக்கம் ஒதுங்கும். திருப்பிப் பிடித்தால் மறு பக்கம் ஓடும். இரும்புச் சுருள் ஏற்றிய டிரெய்லர் இடது பக்கம், நடுச்சுவர் வலது பக்கம், பின்னால் ஒருவன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் வருவான். வேகமாகவும் போக முடியாது, மெதுவாகவும் போக முடியாது, ஓரம் கட்டவும் இடம் கிடையாது. டிரெய்லரின் சக்கரம் அவள் தோளை ஒட்டிச் சுற்றும்.

"யோவ், அது நம்ம மேல சாயுதா, நாம அது மேல சாயறமா?"

"ஒண்ணியும் இல்ல. நீ முன்னால பாரு."

"முன்னாலயும் அதான்யா கீது."

நான் நாற்பது வருடம் லாரி ஓட்டியவன். பள்ளிக்கூடம் மூன்றாவதோடு சரி. போர்டு படிக்க வராது, ஆனால் கல்கத்தா வரைக்கும் தப்பாமல் போய் வந்தவன். லாரிக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் வண்டியை எடுக்கும் முன் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டுவோம். ணங்கென்று கேட்டால் காற்று சரி. பொத்தென்று கேட்டால் குறைச்சல். ஓங்கோல் தாண்டி ஒரு தாபாவில் ஐம்பது அறுபது வண்டி நிற்கும். விடிந்தால் எல்லோரும் தட்டுவார்கள். எனக்கு அலாரமே அதுதான். அங்கே பருப்பில் கோங்கூராக் கீரை போட்டு ஒன்று செய்வான், அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், ஜீப்பு டயரைத் தட்டினேன். பொத்தென்றது. ஓ, இதுதான் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன்.

பஞ்சர் கடையில் காற்று பிடிக்கிறவர், "இன்னா பெருசு, இதுக்குப் போயி இவ்ளோவா?" என்றார். "ஏத்துயா, எனக்குத் தெரியும்" என்றேன். ணங்கென்று கேட்கிற வரைக்கும் ஏற்றினோம். அப்புறம் லாரியில் செய்வது போலவே ஸ்டீரிங் பாக்ஸ் தலையிலிருக்கிற ஸ்குரூவை அரைச் சுற்று இறுக்கினேன். போதாது என்று இன்னொரு அரைச் சுற்று.

மறுநாள் வியாழக்கிழமை. புதுவாயலில் பெரியபாளையம் ரோட்டுக்கு வலது பக்கம் திருப்பினேன். திரும்பிய ஸ்டீரிங் பழையபடி வரவில்லை. வண்டி திரும்பிக்கொண்டே போகிறது. எதிரில் ஒரு தண்ணீர் லாரி. இரண்டு கையாலும் இழுத்து, பிரேக்கில் ஏறி நின்றேன். ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். லாரிக்காரன் இறங்கி வந்து என் வயதைப் பார்த்து, பாதித் திட்டோடு போய்விட்டான்.

அங்கிருந்து மெதுவாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். நான்கு மணி நேரம் அவள் மெஷினில் படுத்திருந்தாள். வீட்டு வாசலில் இறங்கிய பிறகுதான் சொன்னாள்.

"இனிமே நான் வரல."

"வரலன்னா எப்டிமே?"

"அந்தச் சக்கரத்துக்கு அடியில சாவறதுக்கு, ஊட்லயே சாவறேன். வுடு."

சனிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள். மகனுக்குப் போன் போட்டேன். பழைய ஷாக்கிள் எங்கே என்றால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டானாம். "மெட்ராஸ்ல ஒரு கடை கீதுப்பா, முன்பக்கம் முழுக்க மாத்திக் குடுப்பாங்க" என்றான். அந்தக் கடையில் போனிலேயே விசாரித்தேன். அவர்கள் கேட்டது ஜீப்பின் விலையைவிட அதிகம்.

வெள்ளிக்கிழமை காலையில் புதுவாயலில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை மாற்றுகிற கடைக்குப் போனேன். மெக்கானிக் என் மகனைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். ஒரு ரவுண்டு ஓட்டி வந்தார்.

"நைனா, இதுக்கு யாரு காத்து புட்ச்சது?"

"நான்தான்."

"எத்தினி டன்னு லோடு ஏத்தப் போற?"

முதல் வேலையாகக் காற்றைப் பாதிக்கு இறக்கினார். டயர் தரையில் அகலமாக உட்கார்ந்தது. நான் இறுக்கிய ஸ்குரூவைப் பழையபடி தளர்த்தினார். அப்புறம் கடை ஓரத்தில் நின்ற சைக்கிளைக் காட்டினார்.

"கைய வுட்டுட்டு சைக்கிள் ஓட்டிக்கீறியா?"

"ஓட்டிக்கீறேன்."

"எப்டி நேரா போவுது? ஃபோர்க்கு பின்னால சாஞ்சிக்கினு, சக்கரம் முன்னால நீட்டிக்கினு கீது. அதான். ஜீப்லயும் சக்கரம் திரும்பற அச்சு, கிங்பின்னு, அப்டித்தான் சாஞ்சிருக்கணும். உன் புள்ள முன்னால ஷாக்கிள நீட்டிட்டான். ஆக்சில் முன்னால கவுந்துக்கிச்சி. சக்கரத்துக்கு எது நேருன்னே தெரியல."

"ஆக்சில மாத்தணுமா?"

"இன்னாத்துக்கு? ரெண்டு ஆப்பு போதும்."

பக்கத்து லேத்துப் பட்டறையில் கழிவு இரும்புத் தகட்டிலிருந்து இரண்டு ஆப்பு கடைந்து வாங்கி வந்தார். ஒரு முனை சுண்டுவிரல் தடிமன், மறு முனை கத்தி மாதிரி. ஸ்பிரிங் பட்டைக்கும் அதன் மேல் உட்காருகிற ஆக்சிலுக்கும் நடுவில், தடித்த பக்கம் முன்னால் வருகிற மாதிரி வைத்து முடுக்கினார். ஆக்சில் நிமிர்ந்து லேசாகப் பின்னால் சாய்ந்தது. ஸ்டீரிங் ராடில் தேய்ந்துபோன ஒரு முனையையும் மாற்றினார். எல்லாம் சேர்த்து, அவளை இரண்டு தடவை ஆட்டோவில் கூட்டிப்போகிற செலவுகூட ஆகவில்லை.

"அவ்ளோதானா?" என்றேன்.

"அவ்ளோதான். நம்பிக்க இல்லன்னா ரெண்டு நாள் வண்டிய இங்க வுட்டுட்டுப் போ. பெரிய வேல செஞ்ச மாதிரி இருக்கும்."

தனியாக ஹைவேயில் ஓட்டிப் பார்த்தேன். டிரெய்லர் தாண்டும்போது அதன் காற்று தள்ளியது. வண்டி அசைந்து, தானே நேராக வந்து நின்றுகொண்டது.

சனிக்கிழமை காலையில் பையை எடுத்து வைத்து இஞ்சினையும் போட்டுவிட்டேன். அவள் கட்டிலை விட்டு எழவில்லை. கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தது. இழுத்துப் போகவா முடியும்? வண்டி சரியாகிவிட்டது என்று மூன்று தடவை சொன்னேன். சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். கடைசியில் உள்ளதைச் சொன்னேன்.

"அன்னிக்கு நடந்தது வண்டி தப்பு இல்லமே. நான்தான் லாரின்னு நெனச்சி காத்த ஏத்தி, ஸ்டீரிங்க இறுக்கிட்டேன்."

மெதுவாகத் திரும்பினாள்.

"நாப்பது வருசம் நீ ஓட்டிக் கிழிச்சது இதானா?"

"இதான்."

"எல்லாந் தெரிஞ்சவன் மாதிரி அன்னிக்கு மூஞ்ச வச்சிக்கினு இருந்த?"

அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்து எழுந்து, செருப்பைத் தேடினாள்.

ஹைவேயில் ஐம்பது, ஐம்பத்தைந்து. கை லேசாக இருந்தது. எனக்கு வாய் நிற்கவில்லை. "பாத்தியா, எவ்ளோ நேரா போவுது" என்றேன்.

"போவுது. நேரா அந்த ஊசிக்குத்தான் போவுது."

புதுவாயல் வருவதற்கு முன்னாலேயே வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு டிரெய்லர், பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. இஞ்சினை அணைத்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மேலே கூரையாக இருந்த கிழிந்த படுதாவை அவள் ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தாள்.

"செவ்வாக்கெழம மழ வந்தா இது ஒழுவுமா?"

"ஒழுவும்."

"அதுக்குள்ள தெச்சி வையி."