அம்மா அணைக்காத சூடம்

சூடத்தின் வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்குப் பக்தி வருமாம். எனக்குக் கோபம்தான் வருகிறது, அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. முதுநகரைத் தாண்டி, சிப்காட் ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் தொண்டை கரகரக்கும் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வரிசை வீடுகளில் நாங்கள் குடியிருந்தபோது உள்ளாட்சித் தேர்தல் வந்தது, எனக்கு அப்போது பதினோரு வயது.

எங்கள் ஊரில் தேர்தல் வாக்குச்சாவடி வரைக்கும் போகாது. அதற்கு முந்தைய வாரமே மாரியம்மன் கோயில் வாசலில் முடிந்துவிடும். யாருக்குப் போடுவது என்று ஊர்ப் பஞ்சாயத்தார் தீர்மானிப்பார்கள். பிறகு வீட்டுக்கு ஒரு ஆம்பளையைக் கூப்பிட்டு, தாம்பாளத்தில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்வார்கள். சத்தியத்தை மீறினால் "கண்ணு அவிஞ்சிடும்" என்பார்கள். கடலை நம்பிப் பிழைக்கிறவன் அம்மனிடம் வம்பு வைத்துக்கொள்வானா?

அந்த முறை எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஊர்த் தலைவர் தன் தம்பி மனைவியை நிறுத்தினார். ஊரைக் கேட்காமல் செல்வி அத்தையும் மனுப் போட்டுவிட்டாள். சுனாமியில் புருஷனைப் பறிகொடுத்தவள் அவள். எங்கள் தெருவுக்கே பட்டா வாங்குவதற்காக ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தவள். பெண்கள் ஓட்டு அவள் பக்கம் போய்விடுமோ என்று பஞ்சாயத்தாருக்குப் பயம். அதனால் இந்தத் தடவை பொம்பளைகளும் வந்து அணைக்க வேண்டும் என்று மைக்கில் சொன்னார்கள்.

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு அப்படியே வந்து வரிசையில் நின்றாள். நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முறை வந்ததும் அம்மனைக் கும்பிட்டாள், விபூதி எடுத்துப் பூசிக்கொண்டாள், கையைக் கட்டிக்கொண்டு சும்மா நின்றாள். தலைவர் அவளுக்கு மாமா முறை. அணைம்மா, பின்னாடி நிக்கறாங்க பாரு என்றார்.

"இல்ல மாமா. இந்தப் புள்ளைக்கு அம்மை போட்டப்ப இவகிட்டதான் வேண்டிக்கிட்டேன். வூட்டுக்காரரு கடல்ல மாட்டிக்கிட்டப்பவும் இவகிட்டதான் அழுதேன். ஓட்டுக்கு இவள சாட்சிக்கு இழுக்க மாட்டேன்."

அப்போ ஊர் வேணாமா என்று கேட்டார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பிடித்த பிடியில் என் விரல்கள் வலித்தன.

அப்பா ஏற்கெனவே தன் சூடத்தை அணைத்துவிட்டு வந்து வீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் திட்டவில்லை. நாலு பேரு வரலன்னா படகு கரையிலதான் என்று மட்டும் முனகினார். எங்கள் படகுக்கு ஆள் வருவது ஊர் கையில் இருந்தது, அது எனக்கே தெரியும்.

தேர்தலில் செல்வி அத்தை தோற்றாள். ஆனால் அவளுக்குப் பதினோரு ஓட்டு விழுந்திருந்தது. அவளும் அம்மாவும் போக ஒன்பது! சூடத்தை அணைத்த ஒன்பது கைகள் உள்ளே போய் வேறு இடத்தில் முத்திரை குத்தியிருக்கின்றன. யார் யாரென்று பஞ்சாயத்தார் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். கண்டுபிடிக்க முடியவில்லை, ஆகவே கண்ணுக்குத் தெரிந்த இரண்டு வீடுகளுக்கும் "கட்டு" போட்டார்கள். யாரும் எங்களோடு பேசக்கூடாது, தொழிலுக்கு வரக்கூடாது, கோயில் வரிகூட எங்களிடம் வாங்கக்கூடாது. அப்பா படகைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, சிதம்பரத்துப் பக்கம் இறால் பண்ணைக்குக் கூலி வேலைக்குப் போனார்.

ஒரு நாள் அடிபம்பில் பக்கத்து வீட்டு விஜயா அக்கா சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு அம்மாவிடம் அழுதாள். தானும் அந்த ஒன்பதில் ஒருத்தி என்றாள். கண் போய்விடுமோ என்று தூக்கமே இல்லையாம். அம்மா அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துவிட்டு, "உனுக்கு ஒன்னும் ஆவாதுடி. உன் கையால அணைக்க வச்சவன மொதல்ல கேக்கட்டும் அவ" என்றாள்.

மாசி மகம் வந்தது. தீர்த்தவாரிக்குக் கடலுக்குப் போகுமுன் அம்மன் தெருத்தெருவாக வருவாள், வாசலுக்கு வாசல் நிற்பாள், பூசாரி தட்டை வாங்கித் தேங்காய் உடைத்துத் தருவார். விஜயா அக்கா வீட்டு வாசலில் அம்மன் நின்றாள். எங்கள் வாசலில் அம்மா கோலம் போட்டு, தட்டோடு காத்திருந்தாள். சாமி தூக்கியவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள். மேளம் எங்களைத் தாண்டிப் போயே போய்விட்டது. பொய்ச் சத்தியம் பண்ணிய வீட்டிலெல்லாம் நின்ற சாமிக்கு, பொய் சொல்ல மறுத்தவள் வீட்டில் நிற்கத் தடை போட்டவர்கள் யார்? அன்று எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

அம்மா கொஞ்ச நேரம் அந்த முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தேங்காயை எடுத்து வாசல்படியில் ஓங்கி ஒரே போடு. எங்கள் ஊரில் பெண்கள் தேங்காய் உடைக்க மாட்டார்கள், உடைக்கக் கூடாது. போய்க்கொண்டிருந்த பாதி ஊர் திரும்பிப் பார்த்தது. அம்மா அவளே சூடம் ஏற்றினாள், அவளே காட்டினாள், எங்களுக்கு விபூதி பூசிவிட்டாள், அது அணைகிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.

அடுத்த வருஷம் கட்டு தானாகவே தளர்ந்தது. எங்கள் படகு கரையில் கிடந்தது அதில் தொழிலுக்கு வந்தவர்களுக்கும் நஷ்டம்தானே. நான் இப்போது சிதம்பரத்தில் வேலை பார்க்கிறேன், ஓட்டுப் போட மட்டும் தவறாமல் ஊருக்குப் போகிறேன். தாம்பாளத்துச் சத்தியம் ஒழிந்துவிட்டது. அந்தக் கோயில் வாசலில் இன்று டைல்ஸ் போட்டிருக்கிறார்கள், சூடக் கரியின் தடம்கூட இல்லை. கண் அவிந்துவிடும் என்று யாரும் பயமுறுத்துவதில்லை. வேட்பாளரோடு அம்மன் பிரசாதத் தட்டு வீடு வீடாக வருகிறது, அவ்வளவுதான். போன தேர்தலுக்கு அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அதே தலைவர், தலை நரைத்து, பணிவாக. அம்மா குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"குங்குமம் அவளுது மாமா, வாங்கிக்கறேன். ஓட்டு என்னுது, அத அவளே இதுவரைக்கும் எங்கிட்ட கேக்கல."